இறுதித் தேர்வுக்குப் பின்னும் ஒரு தேர்வு

ஆண்டுதோறும் கல்வியாண்டு முடியும் கோடைக்காலத்தில், ரஷியா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான் போன்ற நாடுகளின் மருத்துவ மாணவர் விடுதிகளில் பிரியாவிடைக் காட்சிகளைக் காணலாம். இறுதித் தேர்வை எழுதி முடித்த மாணவர்கள் குளிர்கால மேலங்கிகளையும் சமையல் பாத்திரங்களையும் இளைய மாணவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். பேராசிரியர்களுடன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மொழி தெரியாமல் வந்திறங்கிய ஊரை அந்த ஊரின் மொழியிலேயே வாழ்த்தி விடைபெறுகிறார்கள். இங்கே காஞ்சிபுரத்திலோ வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ இருக்கும் வீட்டில், "எங்கள் பிள்ளை டாக்டராகிவிட்டான்" என்ற மகிழ்ச்சி அக்கம்பக்கமெல்லாம் பரவுகிறது.

ஆனால், சட்டத்தின் பார்வையில் அந்தப் பிள்ளை இன்னும் மருத்துவர் அல்ல. இறுதித் தேர்வு என்று அவர் நம்பி எழுதியது இறுதியானதன்று. உண்மையான இறுதித் தேர்வு தாயகத்தில் காத்திருக்கிறது.

வெளிநாட்டில் மருத்துவம் பயின்றவர்களுக்கான தகுதித் தேர்வு (எஃப்எம்ஜிஇ) 2002-ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகிறது. தேசியத் தேர்வுகள் வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வில் 300 வினாக்கள். 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எளிதாகத் தோன்றும் இந்த வரம்பைத் தாண்டுவோர் எத்தனை பேர்? 2023-இல் எழுதியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் தேறினார். 2024 டிசம்பர் தேர்வில் ஏறத்தாழ 44 ஆயிரம் பேர் எழுதி 13 ஆயிரம் பேர் வென்றனர். 2025 ஜூன் தேர்விலோ 36 ஆயிரம் பேரில் தேறியவர்கள் 6,700 பேர் மட்டுமே.

இந்த எண்களைக் கண்டு, வெளிநாட்டில் படித்தவர்கள் எல்லோரும் திறமையற்றவர்கள் என்று முடிவு கட்டுவது அநீதி. 2018-ஆம் ஆண்டிலிருந்து, வெளிநாடு சென்று மருத்துவம் பயில்வதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரிக் கட்டணமும் கைக்கு எட்டாமல், நகையை அடகு வைத்தும் மனையை விற்றும் அனுப்பப்பட்டவர்களே இவர்களில் பெரும்பாலோர். குறை வேறிடத்திலும் இருக்கிறது.

முதலாவது, மொழி. வகுப்பறைப் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், நோயாளி பேசுவது ரஷிய மொழியையோ ஜார்ஜிய மொழியையோதான். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எப்படி இருக்கிறது என்று கேட்டறிவதுதான் மருத்துவத்தின் முதல் பாடம். அந்த உரையாடலில் தடுமாறும் மாணவர், நோயாளியின் படுக்கையருகே நின்றும் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார். இரண்டாவது, நோய்களின் இயல்பு. பாம்புக்கடி, டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவை நம் அரசு மருத்துவமனைகளின் அன்றாட அனுபவம். குளிர்நாட்டு மருத்துவமனையில் அவை பெரும்பாலும் பாடநூலில் மட்டுமே வாழ்பவை. மூன்றாவது, சேர்க்கை முகவர்கள். தகுதித் தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பளபளப்பான விளம்பரத் தாள்களைக் காட்டிப் பணம் வாங்கும் முகவர்களுக்கு நம் நகரங்களில் பஞ்சமில்லை.

இவற்றோடு விதிகளின் நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, தாயகம் திரும்பித் தேர்வில் வென்ற பிறகு மேலும் 12 மாதப் பயிற்சி ஆகியவை தேவை. எஃப்எம்ஜிஇ-க்கு மாற்றாக, அனைவருக்கும் பொதுவாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த 'நெக்ஸ்ட்' தேர்வு 2023 ஜூலையில் ஒத்திவைக்கப்பட்டது. எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்பதே மாணவருக்கு ஒரு புதிராகிவிட்டது.

விடைபெறக்கூட வாய்ப்பின்றித் திரும்பியவர்களின் கதை இன்னும் துயரமானது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, 'ஆபரேஷன் கங்கா' மூலம் மீட்கப்பட்டவர்களில் தமிழக மாணவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். பதுங்குமிடங்களிலிருந்து எல்லை நோக்கி நடந்தவர்கள், பாடநூல்களைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். சீனாவில் பயின்றவர்களோ, கரோனா காலத்தில் விடுமுறைக்கு வந்து, திரும்பிச் செல்ல இயலாமல் இணையவழியில் படிப்பை முடித்தார்கள். இவர்களில் இறுதியாண்டை எட்டியவர்கள் இந்தியக் கல்லூரிகளில் சேராமலேயே எம்பிபிஎஸ் இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுத, ஒரே ஒரு முறை வாய்ப்பளிக்கும் மத்தியக் குழுவின் பரிந்துரையை உச்சநீதிமன்றம் 2023 மார்ச்சில் ஏற்றது. அதன் பின்னர் ஈராண்டுப் பயிற்சி. அதில் முதலாண்டு ஊதியமின்றி. நோயாளியின் நலன் கருதி விதிக்கப்பட்ட இந்தக் கட்டுப்பாடுகளில் நியாயம் உண்டு. ஆனால், போரும் பெருந்தொற்றும் மாணவர்கள் செய்த குற்றமல்ல என்பதையும் மறந்துவிட முடியாது.

இந்தச் சிக்கலைக் காஞ்சிபுரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கல்விக்காக அயலவர் தேடி வந்த நகரம் இது. கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு, மயூரசர்மன் என்பவர் தம் ஆசானோடு காஞ்சியின் கடிகையில் பயில வந்ததைக் கூறுகிறது. பல்லவக் குதிரை வீரனோடு ஏற்பட்ட பூசலில் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்த அந்த மாணவர், நூலைக் கைவிட்டு வாளை ஏந்தினார். கடம்ப அரசை நிறுவினார். அதே காஞ்சியிலிருந்து வடக்கே சென்ற தர்மபாலர், நாளந்தாவின் தலைமை ஆசானாக உயர்ந்ததை ஏழாம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் வந்த இடத்தில் மதிக்கப்படாமல் பகைவரானார். மற்றவர் சென்ற இடத்தில் மதிக்கப்பட்டு, அவ்விடத்துக்கே பெருமை சேர்த்தார். கற்றவரை ஒரு சமூகம் எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அவரால் அதற்குக் கிடைக்கும் பயனும் அமையும்.

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, பழைமையான செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி புதிய மாவட்டத்துக்குச் சென்றது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் காஞ்சிபுரம் இடம்பெறவில்லை. ஒருபுறம் மருத்துவர் தேவை. மறுபுறம் படித்துவிட்டுத் திரும்பி, தேர்வுப் பயிற்சி மையங்களில் ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர்கள். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம்தான் இல்லை.

தேர்வை எளிதாக்குவது தீர்வாகாது. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தகுதியில் சலுகைக்கு இடமில்லை. தேர்வை வெல்லும் வழியைச் செப்பனிடுவதே அரசின் கடமை.

புறப்படுவதற்கு முன்பே உண்மை தெரியவேண்டும். எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள் எத்தனை பேர் தேர்வில் வென்றார்கள் என்ற பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் எளிய தமிழில் வெளியிட்டு, பள்ளிகள்தோறும் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

திரும்பியவர்களில் முதல் முயற்சியில் தேறாதவர்களை அரசு மருத்துவமனைகளில், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், நோயாளிகளைப் பார்த்துக் கற்கவைக்கும் இணைப்புப் பயிற்சியைத் தமிழக அரசு தொடங்கலாம். தனியார் பயிற்சி மையம் வினாவுக்கு விடை சொல்லித்தரும். மருத்துவமனை மட்டுமே மருத்துவத்தைச் சொல்லித்தரும்.

தேறியவர்களுக்குப் பயிற்சி இடம் கிடைப்பதில் தாமதம் கூடாது. கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு என்ற வரம்பை விதித்த 2022 மார்ச் மாதச் சுற்றறிக்கையிலேயே, இந்தியப் பட்டதாரிகளுக்கு இணையான உதவித்தொகை வழங்கவும் ஆணையம் அறிவுறுத்தியது. அதைக் கடைப்பிடிப்பதில் எந்தக் கல்லூரிக்கும் விலக்கு இருக்கக்கூடாது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் திட்டம் ஏற்கெனவே உள்ளது. அதுபோல, அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் பொறுப்பில், காஞ்சிபுரம் போன்ற மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இவர்களது பயிற்சியின் ஒரு பகுதியை நடத்த ஆணையம் அனுமதிக்கலாம்.

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்படுகின்றன. இரண்டும் சேருமிடத்தை நெசவாளர் 'கோர்வை' என்பார். உடல் எவ்வளவு அழகாக இருந்தாலும், கரை எவ்வளவு மின்னினாலும், கோர்வை நெகிழ்ந்தால் சேலை நில்லாது. அயல்நாட்டில் கற்ற கல்வியும் தாய்நாட்டின் தேவையும் சேருமிடத்தில்தான் இன்று நம் கவனம் தேவைப்படுகிறது. அங்கே கண்ணீரோடு விடைகொடுத்தவர்கள் தங்கள் கடமையை முடித்துவிட்டார்கள். இங்கே வரவேற்க வேண்டியவர்களின் கடமை இனிமேல்தான் தொடங்குகிறது.