உறுதி இல்லாத வீடு வீடாகுமா?

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவப் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன் இன்று ஒரு கேள்வி நிற்கின்றது. சேமலாப நிதியையும், பிள்ளை வெளிநாட்டில் உழைத்த பணத்தையும், தாயின் நகையையும் திரட்டி, மாத்தளை நகரின் ஓரத்திலோ வத்தேகமப் பக்கத்திலோ மலிவாக வரும் ஒரு வீட்டை வாங்குவதா? அன்றேல் அரசாங்கம் தருவதாகச் சொல்லும் காணிக்காகத் தோட்டத்திலேயே காத்திருப்பதா? இதனை அவரவர் குடும்ப விஷயம் என்று ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் எந்த நிலத்தில் எந்த உரிமையோடு நிற்கின்றது என்பதே அதன் அரசியல்.

லயத்துக் காம்பரா தொழிலாளியுடையதன்று. வேலை உள்ளவரை தங்கலாம் என்னும் அனுமதி மட்டுமே அவனுக்கு உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நிலத்தைப் பண்படுத்தியவனோ நிலமற்றவனாகவே இருந்தான். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. காணிச் சிக்கல் தீரவில்லை.

அது தீரவில்லை என்பதற்கு எல்கடுவவே சாட்சி. 2023 ஆகஸ்டில், இங்குள்ள ரத்வத்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒரு தொழிலாளர் குடும்பம் அமைத்திருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்தார். அக்காட்சியை நாடே கண்டது, பாராளுமன்றத்திலும் பேச்செழுந்தது. அத்தோட்டம் அரசாங்கத்தின் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியின் கையில் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். காணிக்குச் சொந்தக்காரனும் அரசு, முதலாளியும் அரசு. அவ்வாறாயின், உறுதி எழுதிக் கொடுக்க அரசு யாரைக் கேட்கவேண்டும்?

இந்நிலையில் நகரில் வீடு வாங்க எண்ணுபவனைத் தோட்டத்தைக் கைவிட்டோடுபவன் எனப் பழிப்பது தகாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தோட்டத்துரையின் தயவை நம்பாத தொழில் ஆகியவற்றை நாடுவது குற்றமன்று. 1983 ஆடியில் மாத்தளை நகரிலே தமிழர் உடைமைகளுக்கு நேர்ந்ததை மூத்தோர் மறக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சத்தின் பேரால் நகரத்து நிலத்தை நாமே நமக்கு விலக்கிக்கொள்வது அறிவுடைமையாகாது.

வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது, “விலை என்ன?” என்பதன்று, “விலை ஏன் இவ்வளவு குறைவு?” என்பதே. மலிவுக்குக் காரணம் உண்டு. சிலவேளை விற்பவனிடம் இருப்பது பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டுமே; நாளை ஏனைய பங்காளிகள் பிரிவினை வழக்கு வைத்தால் எப்பக்கம் யாருக்கு விழும் என்று யாரும் சொல்லமுடியாது. சிலவேளை அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி. அதிகாரியின் சம்மதமின்றி அதனை விற்கவியலாது. சிலவேளை அது வயல். அனுமதியின்றி அதனை நிரப்புவது சட்டவிரோதம். சிலவேளை அது சரிவு நிலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டுச் சரிவுகள் உயிர்களை விழுங்கியதைக் கண்ட பின்னும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளாமல் முற்பணம் கொடுப்போமா?

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடுள்ளது. நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் கைச்சாத்திடாத காணி விற்பனை சட்டத்தின் கண்ணில் விற்பனையே அன்று. முத்திரை ஒட்டிய கடதாசியும், சத்தியக் கடதாசியும், ஊர்ப் பெரியவரின் வாய்ச்சொல்லும் உறுதியாகமாட்டா. காணிப் பதிவகத்தில் முன்னுறுதிகளைத் தேடிப் பார்த்து, ஈடும் வழக்கும் இல்லையெனக் கண்டு, நில அளவைப் படத்தோடு எல்லையை நேரில் நடந்து பார்த்த பின்னரே பணம் கைமாறவேண்டும். வரம்பின் அருமை அறிந்த கமக்காரருக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பணத்திலும் நிதானம் வேண்டும். சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்காக 30 வீதம் வரை முன்கூட்டிப் பெற 2012 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், நிபந்தனைகளோடு, வழி செய்தது. அது முதுமைக்கான சோறு. உறுதி தெளிவாக இருந்து, மாதத் தவணை அடுப்பை அணைக்காது எனில் வாங்குக. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருக்க. உறுதியற்ற நகரவீடு நாம் விலை கொடுத்து வாங்கும் இன்னொரு லயமே.

காத்திருப்போரின் கதி என்ன? இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் வகுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. சுவர்கள் எழுவது நன்றே. ஆனால், ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதவும் ஆகாத வீட்டில் குடியிருப்பவன் சொந்தக்காரன் ஆவானா? வீட்டோடு உறுதியும் வரவேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரவேண்டும். அது பதியப்படவும் வேண்டும். நகரில் வாங்கினான் என்ற காரணத்தால் ஒருவனது பெற்றோரின் தோட்டத்துக் காணியுரிமை அழிக்கப்படவும் கூடாது.

சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, ஆசிரியர்களே! மாதத்தில் ஒரு நாளை இம்மக்களின் உறுதிகளைப் படித்துச் சொல்ல ஒதுக்குங்கள். ஏமாந்த பின் நடத்தும் பத்தாண்டு வழக்கினும், ஏமாறுமுன் சொல்லும் ஒரு வார்த்தை பெரிது. அரசாங்கத்திடம் நாம் கேட்பது தானமன்று. எல்கடுவத் தொழிலாளி நகருக்குப் போவதாயினும் தோட்டத்தில் நிற்பதாயினும், அது அவன் விரும்பிச் செய்த முடிவாய் இருக்கவேண்டும். தோட்டத்து வீட்டுக்கு உறுதி எழுதப்படும் நாளிலேதான் அது இயலும்.