நேற்று ஓடிய வரி, இன்று ஏன் எரர்?

திருச்சுழியில் எங்கள் வளவில் குடியிருக்கும் பிளஸ் டூ மாணவி போன வாரம் மொபைலும் கையுமாக வந்தாள். "மாமா, நேத்து நல்லா ஓடுன வரியில இன்னைக்கு எரர் காட்டுது. நான் அதைத் தொடவே இல்ல. நாளைக்கு பிராக்டிகல்!"

பைத்தான் மொழியில் மல்லி மூட்டைக் கணக்கு எழுதியிருந்தாள். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். செயற்கூறுக்கு வெளியே 'இருப்பு = 50'. உள்ளே ஒரே வரி, இருப்பை அச்சிட. நேற்று அது ஓடியது. இன்று அதற்குக் கீழே 'இருப்பு = இருப்பு - 5' என்று சேர்த்திருக்கிறாள். எரர் வந்ததோ மேல் வரியில்.

பிளஸ் டூ புத்தகத்தில் 'வரையெல்லை' என்ற பாடம் இதைப் பற்றியதுதான். வளவில் "பாண்டி!" என்று கூப்பிட்டால் முதலில் வீட்டுக்குள் தேடுவோம், பிறகு வளவில், அப்புறம் ஊரில், கடைசியாக எல்லோருக்கும் தெரிந்த பெயர்களில். பைத்தானும் இதே வரிசையில் நான்கு இடம் தேடும். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த விதியில். செயற்கூறுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால், அது அந்தச் செயற்கூறு முழுக்க வீட்டுப் பெயராகிவிடும், மேலே உள்ள வரிகளுக்கும் சேர்த்து. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பாண்டி என்று முடிவுசெய்துவிட்ட வீடு மாதிரி. அங்கே கூப்பிட்டால் ஊர்ப் பாண்டியைத் தேடிப் போகமாட்டார்கள். பிள்ளையோ இன்னும் பிறக்கவில்லை. அதுதான் எரர்!

பைத்தானின் அதிகாரபூர்வ கேள்வி-பதில் பக்கத்திலேயே இந்தச் சந்தேகத்துக்கு விளக்கம் உண்டு. 3.11 பதிப்பில் எரர் வாசகத்தையும் மாற்றினார்கள். 'மதிப்பு கொடுக்கும் முன்பே பயன்படுத்தப்பட்டது' என்றிருந்தது, 'மதிப்பு இல்லாததால் அணுக முடியவில்லை' என்ற பொருளுக்கு வந்தது. இரண்டிலுமே 'லோக்கல்' என்ற சொல் இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தீர்வு இரண்டு. செயற்கூறின் தொடக்கத்தில் 'குளோபல்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு இருப்பு என்று எழுதினால், வெளியே உள்ள இருப்பே குறையும். அதைவிட நல்லது, இருப்பை உள்ளே அனுப்பி, குறைந்த கணக்கை 'ரிட்டர்ன்' மூலம் திரும்ப வாங்கிக்கொள்வது. கணக்கை மாற்றியது எந்த வரி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அவள் இரண்டாவது வழியில் மாற்றினாள். "45 வந்துருச்சு மாமா!"

இனி இந்த எரர் வந்தால், அது காட்டும் வரியோடு நிற்காதீர்கள். அதே பெயருக்குக் கீழே எங்காவது சமக்குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.