சந்தையில் ஒழியிசை

சந்தை ஆய்வைப் பற்றி எழுத ஓர் இலக்கியப் பக்கம்தானா கிடைத்தது என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சோப்பும் ஷாம்புவும் விற்பவர்களின் சங்கதி நமக்கெதற்கு என்பது அவர்கள் கேள்வியாக இருக்கும். ஆனால் சந்தை ஆய்வின் ஒரு பாதி, மனிதர்கள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கேட்டுப் பொருள் கொள்ளும் வேலை. அதைத்தான் தமிழ் வகுப்பறைகளில் நாம் காலங்காலமாகச் செய்துவருகிறோம். அந்த வேலை நம் ஊர்களில் மிக மோசமாக நடக்கிறது. அதைச் செம்மையாகச் செய்யத் தகுதியுள்ளவர்களோ அதன் கடைசிப் படியில் நாள்கூலிக்கு நிற்கிறார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிறு விளக்கம். எத்தனை பேர் வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று எண்ணுவது எண்சார் ஆய்வு. ஏன் வாங்கினார்கள், வாங்கியபோது மனத்தில் என்ன ஓடியது என்று கேட்பது பண்புசார் ஆய்வு. எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்துப் பேசவிடும் குழு உரையாடல், ஒருவரோடு மணிக்கணக்கில் பேசும் ஆழ்நேர்காணல், வீட்டுக்கும் கடைக்கும் போய் உடனிருந்து பார்ப்பது ஆகியவை இதன் வழக்கமான முறைகள்.

குழு உரையாடலின் வேர் 1941இல் இருக்கிறது. சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்ட், தம் நண்பர் ராபர்ட் மெர்டனை வானொலி நிகழ்ச்சி ஒன்றைச் சோதிக்கும் அமர்வுக்கு அழைத்துப் போனார். பிடித்த இடத்தில் ஒரு பொத்தான், பிடிக்காத இடத்தில் இன்னொரு பொத்தான் என்று நேயர்கள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு காரணம் கேட்கப்பட்டது. கேட்டவரே பதிலையும் எடுத்துக் கொடுப்பதைக் கண்ட மெர்டன் தம் மறுப்பைக் குறிப்பெழுதிக் கொடுத்தாராம். அந்த அதிருப்தியிலிருந்து வளர்ந்த முறை பற்றிய கட்டுரையை 1946இல் பேட்ரீசியா கெண்டாலுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் நடக்கும் குழு உரையாடல்களுக்கு அதுவே தொடக்கம். இந்தத் துறை பிறந்ததே 'பதிலை வாயில் ஊட்டாதே' என்ற கண்டிப்பிலிருந்துதான் என்பது கவனிக்கத்தக்கது.

1950இல் மேசன் ஹேர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. உடனடிக் காப்பித்தூள் ஏன் பிடிக்கவில்லை என்று அமெரிக்க இல்லத்தரசிகளிடம் நேராகக் கேட்டால், சுவை சரியில்லை என்றார்கள். ஹேர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். காப்பியைத் தவிர எல்லாம் ஒன்றே. ஒன்றில் நெஸ்கஃபே, மற்றதில் வழக்கமான காப்பித்தூள். 'இந்தப் பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவள்?' என்று மட்டும் கேட்டார். நெஸ்கஃபே எழுதியவளைப் பாதிப் பேருக்கு நெருக்கமானோர் சோம்பேறி என்றார்கள். நாக்கின் மேல் போட்ட பழி உண்மையில் நல்ல மனைவி என்ற பெயரைப் பற்றிய அச்சமாக இருந்தது. இறைச்சியும் உள்ளுறையும் படித்தவர்களுக்கு இதில் வியப்பு என்ன இருக்கிறது? தன்னைப் பற்றி நேரே சொல்ல முடியாததைப் பிறிதொன்றின் மேல் ஏற்றிச் சொல்வதுதானே அகமரபு.

எண்ணிக்கை மட்டும் போதும் என்பவர்களுக்கு 1985இன் கோக்க கோலா கதை நல்ல பாடம். ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகள் நடத்தி, புதிய சுவையே மேல் என்று கண்டு, ஏப்ரலில் பழையதை நிறுத்தினார்கள். மக்கள் கொதித்தெழுந்ததும் ஜூலையில் பழையது திரும்ப வந்தது. குழு உரையாடல்களில் இந்தக் கோபம் முன்பே தலைகாட்டியிருந்தது என்று ராபர்ட் ஷிண்ட்லர் 1992இல் எடுத்துக்காட்டினார். தனியாகக் குடித்துப் பார்த்தவன் தலையாட்டினான். நாலு பேர் நடுவே, 'எங்கள் பொருளை மாற்ற நீ யார்' என்ற குரல் எழுந்து மற்றவர்களையும் தொற்றியது. எண் பெரிதாக இருந்ததால் குரலை விட்டுவிட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். இந்தியச் சந்தை வரலாற்றில் கடலூருக்கு ஓரிடம் உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக இருந்தவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். கூலித் தொழிலாளியும் ரிக்ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி ஒரு பொருள் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் பலமுறை சொல்லியிருக்கிறார். ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கி, தந்தையின் பெயரெழுத்துகளால் 'சிக்' என்று பெயரிட்டு விற்றார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. கிராமங்களுக்குப் போய்ச் சிறுவர்களின் தலையை அலசிவிட்டு, கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி பாக்கெட்டுகள் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார்கள். அன்றாடக் கூலி வாங்குபவர் அன்றாடம்தான் பொருள் வாங்குவார் என்ற பெட்டிக்கடை உண்மையைக் கண்ணால் கண்டவர்களின் வேலை அது. பண்புசார் ஆய்வு என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதுவேதான்.

இன்று அந்தக் கேட்டல் எப்படி நடக்கிறது? பெருநகரத்தில் ஆங்கிலத்தில் கேள்வித்தாள் தயாராகிறது. அது யாரும் பேசாத ஒரு தமிழுக்கு மாற்றப்படுகிறது. 'இப்பொருளைத் தங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?' என்று களை பறித்துவிட்டு வந்த பெண்ணிடம் கேட்கிறார்கள். அவர் சொன்னதைக் களப்பணியாளர் எழுதுகிறார். அதை இன்னொருவர் ஆங்கிலமாக்குகிறார். மூன்றாமவர் அதை இரண்டு வரியாகச் சுருக்கித் திரையில் காட்டுகிறார்.

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இப்படி ஒரு நிறுவனத்துக்காகச் சலவைத்தூள் பற்றிக் கேட்கப் போனாள். ஒரு மூதாட்டி, "வெல கம்மிதான்" என்றாராம். ஆங்கில அறிக்கையில் அது 'விலை குறைவு என்று கருதுகிறார்' என்று மாறி, பொருளுக்குச் சாதகமான பதில்களின் கணக்கில் சேர்ந்துவிட்டது. 'கம்மி' என்பதற்கும் 'கம்மிதான்' என்பதற்கும் உள்ள தூரம் தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். விலை குறைவுதான், ஆனால்... என்று அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. தொல்காப்பியர் மன், ஓ என்னும் இடைச்சொற்களுக்கு ஒழியிசை என்றொரு பொருள் சொன்னார். சொல்லாது ஒழிந்த ஒன்றைக் கேட்பவர் உணருமாறு நிற்பது அது. இன்றைய பேச்சில் 'தான்' அந்த வேலையைச் செய்கிறது. மாணவிக்கு இது தெரிந்திருந்தது. "வேற என்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "கையெல்லாம் எரியுதே" என்ற பதிலும் வந்திருக்கிறது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவளைக் கேட்பாரும் இல்லை.

உம்மையும் இப்படித்தான். "இதையும் வாங்குவோம்" என்பதில் வேறொன்று ஒளிந்திருக்கிறது, எச்சவும்மை. எதை முதலில் வாங்குகிறீர்கள் என்பதே அங்கே அடுத்த கேள்வி. இலக்கண வகுப்பில் தேர்வுக்காக உருப்போடும் செய்திகள் களத்தில் கருவிகளாகின்றன.

குழு உரையாடலின் இன்னொரு சிக்கலுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. நகர அரங்குகளில் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுவனத்தார் அமர்ந்து கேட்பார்கள். பேசுபவர்களுக்கு அது தெரியும். அப்போது பேச்சு எதிரில் இருப்பவரிடம் நடந்தாலும் இலக்கு கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறது. தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவியிடம் பேசும் பாட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கிராமத்துத் திண்ணையில் கண்ணாடி இல்லை. மாமியார் இருக்கிறார், கதவோரம் கணவர் நிற்கிறார். யார் கேட்க யார் சொன்னது என்ற துறைக்குறிப்பு இல்லாமல் எந்த மேற்கோளையும் நம்பக்கூடாது என்பது சங்கப் பாடல் படித்தவருக்குப் பாலபாடம். ஆய்வறிக்கைகளிலோ '34 வயது, இல்லத்தரசி' என்பதற்கு மேல் குறிப்பு கிடையாது.

எங்கள் கம்மாபுரம் பகுதியில் இது இன்னும் ஒருபடி கனமானது. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட இந்த ஊர்களில் படிவத்தோடு ஒருவர் தெருவில் நுழைந்தால், நிலத்தைக் கேட்க வந்திருக்கிறாரோ என்ற எண்ணமே முதலில் எழும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், கொடுக்க மறுத்த குடும்பங்கள் இரண்டும் இங்கே உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தவர்கள் இவர்கள். அவர்களிடம் 'உங்கள் குடும்பத்தின் சொத்து விவரம்' என்று தொடங்கும் கேள்வித்தாள் எதைப் பெறும்? பணிவான பொய்களைப் பெறும். அந்தப் பொய்களும் அட்டவணையாகி எங்கோ முடிவுகளாகும்.

இப்போதைய போக்குகள் இந்த இடைவெளியை அகலமாக்குகின்றன. 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் உரையாடல்கள் காணொளிக்கு மாறின. வாட்ஸப்பில் குரல்பதிவாக நாட்குறிப்பு அனுப்பச் சொல்வது பரவியிருக்கிறது. இது நல்லதே, தனிமையில் பேசும்போது மாமியார் இல்லை. ஆனால் அந்தக் குரலை எழுத்தாக்குவது இயந்திரம். நடுநாட்டுப் பேச்சு அதற்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. தனியொரு எழுத்தாளராகக் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தொகுத்துத் தந்த மண் இது. அந்தச் சொற்களுக்குள் எத்தனை நுட்பம் உண்டென்று அதைப் புரட்டியவர்கள் அறிவார்கள். இதைவிடக் கவலை தருவது செயற்கைப் பதிலாளர் என்னும் புதிய உத்தி. 'நீ முப்பது வயதுக் கிராமத்துப் பெண்' என்று கணினியிடம் சொல்லி அதனிடமே பதில் வாங்குகிறார்கள். கணினி யாரும் முன்பு எழுதிவைத்ததிலிருந்து பேசும். எழுதப்படாத மனிதர்கள் இருக்கும் ஊரில் அது யாருடைய குரல்?

இங்கேதான் தனித்தியங்கும் ஆலோசகருக்கு இடம் இருக்கிறது என்கிறேன். அமெரிக்காவில் இத்தகைய தனி ஆய்வாளர்கள் 1983லேயே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கேள்வி எழுதுபவர், கேட்பவர், பொருள் கொள்பவர் மூவரும் ஒருவராகவே இருப்பதுதான் அவர்களுடைய பலம். பெரிய முதலீடும் வேண்டாம். ஒரேவிதமான ஆட்களிடம் ஒரு குறிப்பிட்ட கேள்வியைத் துருவும்போது பன்னிரண்டு நேர்காணல்களுக்குள் பெரும்பாலான கருத்துகள் வந்துவிடுகின்றன என்று கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் எழுதினார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளிலிருந்து அவர்கள் கண்டது அது. எல்லா ஆய்வுக்கும் பொருந்தும் மந்திர எண் அல்ல. ஆனாலும் ஒரு தமிழ் முதுகலைப் பட்டதாரி ஒரு மாதத்தில் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு.

யாருக்காகச் செய்வது? தொலைவில் தேடவேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் இருக்கிறது. பொம்மைகளும் அகல் விளக்குகளும் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. குர்ஜாவின் கோப்பைகளோடும் மோர்பியின் ஓடுகளோடும் ஒப்பிட்டால் நம்முடையவை சிறு கூடங்கள். எண்சார் ஆய்வுக்குச் செலவழிக்க அவர்களால் ஆகாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் அகல் எண்ணெயைக் குடிக்காது, மண் அகல் குடிக்கும். வாங்குகிறவர்கள் இதை நன்மையாகக் காண்கிறார்களா, கவனிப்பதே இல்லையா? கார்த்திகை முடிந்ததும் அந்த விளக்கு பரணுக்குப் போகிறதா, வாசலுக்கு வெளியே போகிறதா? மண்ணில் செய்ததுதான் சாமிக்கு ஆகும் என்ற எண்ணம் எங்கே தடுக்கிறது? கொலுவுக்குப் பொம்மை வாங்கும் வீட்டில் தேர்ந்தெடுப்பது பாட்டியா பேத்தியா? ஒரு கார்த்திகைப் பருவத்தில் நாலு கடைகளில் உட்கார்ந்து, பன்னிரண்டு வீடுகளில் பேசினால் அச்சு வெட்டுபவருக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

இலக்கியத்தை வணிகத்துக்கு ஏவல் செய்ய அனுப்புகிறேன் என்று குற்றம் சாட்டலாம். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. சிறு பாக்கெட்டின் வெற்றிக்குப் பின்னால், காலியான கோடிக்கணக்கான உறைகள் நம் ஏரி வாய்க்கால்களில் கிடக்கின்றன. 'வாங்குவீர்களா?' என்று கேட்டவர்கள், 'வாங்கியபின் எங்கே போடுவீர்கள்?' என்று கேட்கவில்லை. விற்பதோடு நின்றுவிடும் கேட்டல் அரைக் கேட்டல். ஆனால் நாம் ஒதுங்கி நின்றதால் இந்தக் கேள்வி கேட்கப்பட்டதா? இல்லை. களத்தில் நிற்பவர் வெறும் படிவம் நிரப்புபவராக இருக்கும்வரை கேட்கப்படவும் போவதில்லை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. தமிழ்த் துறைகளில் ஒரு தாளாவது கள உரையாடலுக்கு வேண்டும்: நேர்காணல் எடுப்பது, பேச்சுமொழியை உள்ளபடி எழுதுவது, இடைச்சொல் அறிந்து பொருள் கொள்வது. ஆய்வறிக்கையில் மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் மூலத் தமிழ் வாக்கியமும், அது யார் முன்னிலையில் சொல்லப்பட்டது என்ற குறிப்பும் இருக்கவேண்டும். பேசுபவரின் சம்மதம் அவருக்குப் புரியும் மொழியில் பெறப்படவேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் அட்டவணை மொழிகள் எதிலும் அந்த அறிவிப்பைப் பெற வழி வைத்திருக்கிறது. நாம்தான் கேட்டுப் பெறுவதில்லை.

கை எரிகிறது என்று ஒரு கிழவி சொன்னாள். அதைக் கேட்டவள் தமிழ் படித்தவள். அந்தச் செய்தி தூள் தயாரிப்பவரைச் சென்று சேராததற்குக் காரணம் இலக்கியமும் அல்ல, வணிகமும் அல்ல. இடையில் ஒரு கட்டம் குறைவாக இருந்தது. அந்தக் கட்டத்தை வரையும் இடத்துக்கு நம் மாணவர்கள் போகவேண்டும்.