குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தபால் போதும். மறுப்பதற்கு மட்டும் கூலியை இழக்க வேண்டுமா?

"ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போங்கள், கோர்ட்டுக்கு அலைந்தால் அதைவிட அதிகம் செலவாகும்." கடலூரிலும் சிதம்பரத்திலும் வண்டி மறிக்கப்படும் உழைப்பாளிக்குக் கிடைக்கும் உபதேசம் இது. உபதேசம் செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போடும் கணக்கும் சரிதான். அந்தக் கணக்கு சரியாக இருப்பதுதான் அநியாயம் என்கிறோம் நாம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஹெல்மெட் போடாமல் போவதை நாம் ஆதரிக்கவில்லை. சாலையில் மண்டை உடைந்து சாகிறவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். தவறு செய்தவர் அபராதம் கட்டட்டும். தவறு செய்யாதவர் எங்கே போவார்? அதுதான் நமது கேள்வி.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை மத்திய சர்க்கார் 2019-ல் திருத்தியது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் அமுலுக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாய் என்றிருந்தது 1000 ரூபாய் ஆயிற்று. லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 5000. அபராதம் பத்து மடங்கு ஏறிற்றே, கூலி பத்து மடங்கு ஏறிற்றா? 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். மூன்று நாள் வெயிலில் மண் சுமந்தாலும் ஒரு ஹெல்மெட் அபராதத்துக்குக் காணாது. காரில் சீட் பெல்ட் போடாத முதலாளிக்கும் அதே 1000 ரூபாய்தான். அது அவர் வீட்டு ஒரு வேளை விருந்துக்குக் காணாது. இதற்குப் பெயர் சட்டத்தின் முன் சமத்துவமாம்!

காட்டுமன்னார்கோவிலில் வீட்டு வாசலில் நின்ற வண்டி, கடலூரில் சிக்னலைத் தாண்டியதாகச் செல்போனில் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காமிரா நம்பரைத் தப்பாகப் படித்துவிட்டது. வண்டிக்காரர் என்ன செய்வார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்பவர் ரிஜிஸ்தர் தபாலில் கடிதமும் பணமும் அனுப்பினால் போதும். இப்போதோ செல்போனிலேயே கட்டிவிடலாம். "நான் குற்றவாளியல்ல" என்பவரின் வழக்கு மட்டும் வழக்கமான கோர்ட்டுக்குப் போகிறது. அவர் நேரில் வரவேண்டும்; அல்லது வக்கீல் வைக்கவேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு போச்சு. மில் தொழிலாளிக்கு ஷிப்டும் போச்சு. மூன்று வாய்தா போனால் ஜெயித்தாலும் தோல்விதான்!

இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. செல்வச் செழிப்பைப் பற்றிப் பெருமை பேசும் அமெரிக்காவில் பெர்குசன் என்றொரு சிறு நகரம். ஏழை நீக்ரோ மக்களிடம் போலீசும் கோர்ட்டும் சேர்ந்து அபராதம் கறந்து நகராட்சிக் கஜானாவை நிரப்பியதாக அந்நாட்டு நீதித்துறையே 2015-ல் அறிக்கை வெளியிட்டது. அங்கே ஒரு பெண்மணிக்கு 2007-ல் வண்டி நிறுத்திய தவறுக்காக 151 டாலர் அபராதம். அவர் 550 டாலர் கட்டினார். ஆறு நாள் சிறையிலும் இருந்தார். 2014 டிசம்பரிலும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு! ஏழையின் சின்னத் தவறு வட்டி போடும் கடனாகிறது.

ஆகவே தோழர்களே, பயந்து பணத்தை நீட்டாதீர்கள். போலீஸ் அதிகாரியிடம் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் சட்டத்தின் 200-வது பிரிவு சொல்கிறது. முடித்துக்கொண்டே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. காமிரா கேஸ் என்றால் 2021-ல் வந்த விதிப்படி படமும் இடமும் நேரமும் நோட்டீசோடு வரவேண்டும். "படம் எங்கே?" என்று கேளுங்கள். 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இது தர்மம் அல்ல, உரிமை. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள்.

ஒருவர் தனியாகப் போனால் கூலி போகும். பத்துப் பேர் கேஸ்களைச் சங்கம் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீல் மூலம் ஆஜரானால் கூலி மிஞ்சும், நியாயமும் பேசும். சங்கக் கிளைகள் இந்த வேலையைக் கையில் எடுக்கவேண்டும்.

சர்க்காரைக் கேட்கிறோம்: குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தபால் போதுமென்றால், மறுக்கவும் தபால் போதும் என்று ஆக்கு! கடலூரிலும் சிதம்பரத்திலும் பெட்டி கேஸ்களை மாலையிலும் விடுமுறை நாளிலும் விசாரி! வருமானத்துக்குத் தக்க அபராதம் போடு! இது நடக்காத காரியமல்ல. பின்லாந்து 1921 முதல் அப்படிச் செய்கிறது. 2023-ல் வேகம் மீறிய ஒரு கோடீசுவரருக்கு அங்கே 1,21,000 யூரோ அபராதம் விழுந்தது.

நியாயம் கேட்கவும் காசு வேண்டுமென்றால் அது நியாயமல்ல, வியாபாரம். அந்த வியாபாரத்துக்கு நம் கூலி முதலாக வேண்டாம்!