பாலகாட்டில் காய்கறித் தோட்டம்: முதலில் மண்ணைப் பாருங்கள்

கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்குக்கூட கடைவீதிக்கு நடக்க வேண்டியிருக்கிறது. வீட்டு முற்றத்திலேயே நாலு செடி வைத்தால் என்ன என்று தங்கவயல் பாலகாட் பகுதித் தாய்மார்கள் நினைப்பது நியாயமே. ஆனால் மற்ற ஊர்களில் விதை வாங்குவது முதல் வேலை என்றால், இங்கு மண் தேடுவதே முதல் வேலை.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை, இங்கு வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சத்தைக் கொட்டியதுதான் இன்று நிற்கும் சயனைடு மேடுகள். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சோற்றுப் பானை வரை வருவதைத் தங்கவயல்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும் என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. அது ஓரளவு உண்மை. பாறையோடு வந்த கன உலோகங்கள் சிதைவதில்லை, மண்ணிலேயே தங்கிவிடும். கீரையும் கிழங்கும் அவற்றைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை போன்ற காய்களில் பொதுவாகக் குறைவு.

ஆகவே தரையில் விதைக்க வேண்டாம். தொட்டியோ சாக்கோ போதும். மேட்டு மணலும், மேட்டிலிருந்து மழைநீர் வடியும் ஓடை வண்டலும் கூடவே கூடாது. மேடுகளுக்குத் தொலைவிலுள்ள கிராமத்துச் செம்மண்ணோடு மக்கிய சாணி எருவைச் சேர்த்து, அடியில் துளையிட்ட தொட்டியில் நிரப்பலாம். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் அரை அடி ஆழம், தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒரு அடி. தனியாவை இரண்டாக உடைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். புதினாவுக்கு விதையே வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டில் முற்றிய தண்டை ஊன்றினால் போதும். அரிசி கழுவிய நீர் வீணாக வேண்டியதில்லை. மேட்டுக் காற்று நேராக அடிக்காத பக்கம் தொட்டியை வைத்து, பறித்த கீரையை மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும்.

இவ்வளவும் குடும்பத்தார் செய்யக்கூடியது. அரசின் கடமை வேறு. விவசாயிகளுக்குச் செய்யும் வழக்கமான மண் பரிசோதனை உரச்சத்தைத்தான் சொல்லும். ஆர்சனிக், ஈயம் பற்றிச் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அந்தச் செலவை ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மண்ணைக் கெடுத்தது அவர் அல்லவே! 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. மேட்டைக் கிளறினால் தூசி கூடும். அதற்கு முன்பே பாலகாட் வீட்டு முற்றங்களின் மண்ணைச் சோதித்து, முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் நகரசபை வாசலில் ஒட்ட வேண்டும்.