பூட்லோடர் தேர்வு வெறும் விருப்பம் அன்று

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவ முனையும் ஆய்வு மாணவர்க்கு நம் விடுதிகளிலும் ஆய்வகங்களிலும் இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கின்றன. "எந்த பூட்லோடராக இருந்தால் என்ன, திரையில் பட்டியல் வந்தால் போதும்" என்பது ஒன்று. "செக்யூர் பூட்டை அணைத்துவிடு, தொல்லை தீர்ந்தது" என்பது மற்றொன்று. முதலாவது காலாவதியானது, இரண்டாவது ஆபத்தானது.

முதல் அறிவுரை பழைய பயாஸ் காலத்தின் எச்சம். அன்று வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் ஒரு பூட்லோடருக்கு மட்டுமே இடமிருந்தது. பின்னால் நிறுவப்பட்டது முன்னதை அழித்தது. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் வந்தபின் நிலைமை வேறு. வட்டிலுள்ள ஒரு சிறு பகிர்வில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் பூட்லோடரைத் தனிக் கோப்புறையில் வைக்கிறது. எனவே இன்றைய கேள்வி எது எதை அழிக்கும் என்பதன்று. எந்த பூட்லோடரை இயங்க விடலாம் என்று முடிவுசெய்யும் சாவி எவரிடம் இருக்கிறது என்பதே.

அச்சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 முத்திரை பெற விரும்பிய கணினிகள், செக்யூர் பூட் இயக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வர வேண்டும் என அந்நிறுவனம் விதித்தது. ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத பூட்லோடரை அத்தகைய கணினி இயக்காது. ஆகவே உபுண்டு, ஃபெடோரா போன்றவை 'ஷிம்' என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்று, அதன்வழியே கிரப் பூட்லோடரை இயக்குகின்றன. இந்தச் சார்பின் விலை 2024 ஆகஸ்டில் தெரிந்தது. கிரப்பின் பழைய பாதுகாப்புக் குறை ஒன்றை அடைக்க அம்மாதம் 13ஆம் நாள் வெளியான விண்டோஸ் மேம்படுத்தல், இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்ற அறிவிப்புக்கு மாறாக, அவற்றுள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் நிறுத்தியது. முழுத் தீர்வு 2025 மே மாதத்தில்தான் வந்தது.

"அதனால்தான் அணைக்கச் சொன்னோம்" என்பார்கள். ஒப்ப இயலாது. அடைக்கப்பட்ட அந்தக் குறை கற்பனையன்று. 2020இல் வெளிப்பட்ட 'பூட்ஹோல்' குறையும் கற்பனையன்று. இயங்குதளத்துக்கு முன்பே நுழையும் தீநிரலை வைரஸ் தடுப்பான்கள் எளிதில் காணா. வெளியிடப்படாத தரவுகளும், களப்பணியில் நம்மை நம்பிப் பேசியவர்களின் ஒலிப்பதிவுகளும் நம் மடிக்கணினிகளில் உள்ளன. பூட்டு அயலாருடையது என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டு உறங்குவது விடுதலை ஆகாது. நம் சாவியையும் அப்பூட்டுக்கு உரியதாக்க வேண்டும். ஷிம் அதற்கு இடம் தருகிறது: கணினியின் உரிமையாளர் தம் சாவியைப் பதிவுசெய்து, தாம் தொகுத்த கெர்னலுக்கும் டிரைவர்களுக்கும் தாமே கையொப்பமிடலாம்.

ஆகவே பெரும்பாலோர்க்கு உகந்தது, தம் லினக்ஸ் வழங்கும் ஷிம்மும் கிரப்பும். செக்யூர் பூட் இயங்கட்டும். விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், கிரப் வழியே செல்கையில் அது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். ஃபர்ம்வேரின் பட்டியலிலிருந்தே விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பில் அணைக்கப்பட்டுள்ளது. பட்டியலில் விண்டோஸ் காணவில்லை என்று பதறி அனைத்தையும் மீண்டும் நிறுவ வேண்டா. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும். சிஸ்டம்டி-பூட் எளிமையானது, அழகானது. ஆனால் கெர்னல்களையும் அது பொதுவாக அந்தச் சிறு பகிர்விலேயே எதிர்பார்க்கிறது. விண்டோஸ் அமைக்கும் பகிர்வோ பல கணினிகளில் 100 மெகாபைட்டே. புதியவர்க்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தனியாள் தேர்வோடு இது முடிவதில்லை. 2015இல் இந்திய அரசு திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 விதிகளோ, செக்யூர் பூட்டை அணைக்கும் வசதியைத் தருவதும் தராததும் உற்பத்தியாளரின் விருப்பம் என விட்டுவிட்டன. பொதுப்பணத்தில் கணினி வாங்கும் துறைகள் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: உரிமையாளர் தம் சாவியைப் பதிவுசெய்யவும், வேண்டாத சாவியை நீக்கவும் ஃபர்ம்வேர் இடம் தர வேண்டும். செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் வரிவரியாகக் கேட்கும் குழுக்களுக்கு இது பெரிய சுமையன்று. அடுத்த கொள்முதல் கூட்டத்தில் மாணவப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் இதைக் கேளுங்கள். மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தரட்டும்.