கிழிசல் காத்திருக்கும், டேப் காத்திருக்காது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்றொரு சிற்றூர். அங்கே 10,100 டாலருக்கு வாங்கிய பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர் சுவரை இடித்தார். உள்ளே குளிர் புகாமலிருக்கத் திணித்திருந்த செய்தித்தாள்களுக்கு நடுவே ஒரு காமிக்ஸ் கிடந்தது. 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியது அதில்தான். உறவினர்களுக்குள் நடந்த இழுபறியில் பின்னட்டை கிழிந்தது. 2013இல் அந்தப் பிரதி பத்துக்கு ஒன்றரை தரம் பெற்று 1,75,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த ஒரு கிழிசலால் பல்லாயிரம் டாலர் போயிற்று என்று அப்போது செய்திகள் எழுதின.

விலையை ஒதுக்கிவிட்டுத் தாளை மட்டும் பார்ப்போம். அந்தக் கிழிசல் நொடியில் நடந்து முடிந்த சேதம். பத்திரமான உறையில் தட்டையாக வைத்தால் பத்தாண்டு கழித்தும் அதே நீளத்தில்தான் இருக்கும். தாளின் இழைகளுக்குள் அமிலம் செய்கிற வேலையோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நைந்த காமிக்ஸ் மேசைக்கு வந்ததும் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: எது முடிந்துபோன சேதம், எது இன்னும் நடந்துகொண்டிருக்கும் சேதம்? பல பட்டறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கண்ணை உறுத்தும் வெள்ளைக் கோட்டுக்கு உடனே வண்ணம் பூசுகிறார்கள். தாளைத் தின்னும் டேப்பை “அப்புறம் பார்க்கலாம்” என்று விடுகிறார்கள்.

டேப்தான் முதல் எதிரி. பழைய செல்லோடேப்பின் ரப்பர் பசை மூன்று கட்டங்களாகக் கெடுகிறது. தொடக்கத்தில் தாளின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும். இளஞ்சூட்டுத் தகடு ஒன்றும் பொறுமையும் இருந்தால் எடுத்துவிடலாம். காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் ஆக ஆக அது இளகி, பிசுபிசுத்து, தாளுக்குள் இறங்கி மறுபக்கம் வரை ஊறும். கடைசியில் மேல்படலம் தானாகவே உதிர்ந்துவிட, பசை பழுப்பாக இறுகி, பெரும்பாலான கரைப்பான்களுக்கும் அசையாத கறையாகிவிடும். ஆகவே டேப் விஷயத்தில் கேள்வி ‘எடுக்கலாமா’ என்பதைவிட ‘எந்தக் கட்டத்தில் இருக்கிறது’ என்பதே. இரண்டாம் கட்டத்தில் வந்த பிரதியை அலமாரியில் காத்திருக்க வைப்பது, எதுவும் செய்யாமலே செய்கிற தீங்கு. கரைப்பானைத் தொடுமுன் ஒவ்வொரு நிறத்திலும் துளி வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைக்காரரின் முத்திரை மையையும் அட்டையில் யாரோ பேனாவால் எழுதிய பெயரையும் சோதிக்க மறந்துபோகிறவர்கள் இருப்பதால் மட்டும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஸ்டேப்பிள். துரு தாளுக்கு நகர்ந்தால் துளையைச் சுற்றி அரித்து, நடுப்பக்கம் கழன்றுவிடும். மேல்துரு மட்டும் என்றால் கம்பியை விட்டுவைக்கலாம். கழற்றும்போதே துளை பெரிதாகும் ஆபத்து இருக்கிறது. தாளில் பழுப்பு வளையம் தெரிந்தால் தயங்கக் கூடாது.

உள்தாள் பற்றி வாடிக்கையாளர்களிடம் இன்னும் நேர்மையாகப் பேச வேண்டும். லிக்னின் நீக்கப்படாத மரக்கூழில் செய்த மலிவான நியூஸ்பிரிண்ட் அது. பத்து சென்ட் விலையில் வாங்கிப் படித்துவிட்டு எறிவதற்கென்று அடித்தது. அமில நீக்கம் இருக்கிற அமிலத்தைச் சமன்செய்து, இனி வருவதற்கும் கொஞ்சம் காரத்தைச் சேமித்துவைக்கும். ஏற்கெனவே அறுந்துபோன செல்லுலோஸ் சங்கிலியை அது திரும்பக் கோக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1990களின் நடுவிலிருந்து மக்னீசியம் ஆக்சைடு முறையில் பெருந்தொகையான நூல்களைப் பக்குவப்படுத்தியது. அதன் பயனும் தாளில் இன்னும் வலு மிச்சமிருக்கும்போது செய்வதில்தான். மூலையை மடித்தால் முறிந்து கையோடு வரும் பிரதிக்கு அதைப் பரிந்துரைத்துப் பணம் வாங்குவது முறையல்ல. அந்தப் பிரதிக்கு வேண்டியது நல்ல உறை, தாங்கு அட்டை, குளிர்ந்த உலர்ந்த இடம், ஒரு ஸ்கேன்.

இனி சந்தை. 1980களில் சீரமைத்த காமிக்ஸ் என்றால் கௌரவம்; விற்பவர்களே அதைப் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். 2000இல் சிஜிசி நிறுவனம் மூன்றாம் தரப்புத் தரமிடலைத் தொடங்கி, சீரமைத்தவற்றுக்கு ஊதாச் சீட்டும் மற்றவற்றுக்கு நீலச் சீட்டும் ஒட்ட ஆரம்பித்ததும் காற்று திசைமாறியது. ஊதா என்றாலே விலை சரிந்தது. விளைவு விபரீதம்: முன்பு யாரோ பூசிய வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, அசலுக்கே காயம் உண்டாக்கி நீலச் சீட்டு வாங்கும் வழக்கம் முளைத்தது. காயம் நேர்மையான காயமாம், மருந்துதான் மோசடியாம்! பின்னாளில் அதே நிறுவனம் கிழிசல் ஒட்டுதல், தாங்கல், ஸ்டேப்பிள் மாற்றுதல் போன்ற கட்டமைப்புப் பணிகளை வண்ணப்பூச்சிலிருந்தும் புதுத் துண்டு சேர்ப்பதிலிருந்தும் பிரித்து, ‘பாதுகாக்கப்பட்டது’ என்ற தனி வகையை ஏற்படுத்தியது. தாள் பாதுகாப்பாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த வேறுபாட்டுக்குச் சந்தை தந்த தாமதமான அங்கீகாரம் அது.

ஆனாலும் சந்தையின் இலக்கணத்தைத் தொழிலின் இலக்கணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்பு நீக்கும் ‘பிரஸ்ஸிங்’ தரமிடுபவர்கள் கணக்கில் சீரமைப்பு ஆகாது. நொறுங்கும் தாளுக்கு அது பெரிய தலையீடுதான். சீட்டில் ஏறாது என்பதற்காகப் பணிக்குறிப்பிலும் ஏறாமல் விடுவதை இந்த இதழ் ஏற்கவில்லை. ஓரத்தை வெட்டி நேராக்குவதைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை, வெட்டியது திரும்பாது.

விடுபட்ட துண்டுக்கும் உதிர்ந்த வண்ணத்துக்கும் இந்த இதழின் நிலைப்பாடு எளிது: அவை முடிந்துபோன சேதங்கள், விட்டுவிடலாம். ஓரம் மேலும் கிழியும் என்றால் ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வைத்துத் தாங்கல் கொடுத்தால் போதும். அதன் மேல் படம் வரைய வேண்டாம். அட்டை காட்சிக்கு வைக்கப்படும் அருங்காட்சியகப் பிரதியாக இருந்தால் விதிவிலக்கு கேட்கலாம். அப்போதும் நிரப்பு தனித் தாளில் இருக்கட்டும், அசல் மையின் மேல் ஏற வேண்டாம்.

சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைக் கொண்டுவருபவர்களிடம் ஊதாச் சீட்டு பயம் கிடையாது. இங்கே சிக்கல் பைண்டிங்கில் இருக்கிறது. பத்துப் பதினைந்து இதழ்களைச் சேர்த்து, ஓரமாகக் குத்தித் தைத்து, மூன்று பக்கமும் மிஷினில் சீவி, காலிகோ முதுகு ஒட்டிய தொகுப்புகள் வீட்டுக்கு வீடு உண்டு. அதைப் பிரித்துத் தனித்தனி இதழாக்கித் தரச் சொல்கிறார்கள். சீவிய ஓரம் எப்படியும் வரப்போவதில்லை. தையல் துளைகளும் மறையா. இறுக்கமான தையலால் பக்கம் திறக்கும்போதெல்லாம் முறிகிறது என்றால் பிரிக்கலாம். பசை விஷயத்திலும் கவனம் வேண்டும். பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம். தாமிரம் தாள் கெடுவதை விரைவுபடுத்தும். முதுகை ஒட்டிய பகுதி பழுத்து நொறுங்கத் தொடங்கியிருந்தால் அது நடந்துகொண்டிருக்கும் சேதம், தலையிட்டாக வேண்டும். இரண்டும் இல்லாத தொகுப்பை அப்படியே திருப்பிக் கொடுப்பது நல்லது. எந்த இதழ்களை எந்த வரிசையில் ஒரு வாசகர் சேர்த்து வைத்தார் என்பதற்கு வேறு ஆவணம் இருக்காது.

படிப்பதற்காகத்தான் சரிசெய்யக் கேட்கிறார் என்றால், அந்தக் கதை மறுபதிப்பாக வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மாயாவி கதைகள் பல வந்துவிட்டன; புதிய தாளில் புரட்டிப் படிக்கலாம், அசல் உறைக்குள் இருக்கட்டும். மறுபதிப்பே இல்லாத இதழ் என்றால் எந்தப் பணிக்கும் முன்னால் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட வேண்டும். அதற்கான நேரத்தையும் மதிப்பீட்டுச் சீட்டில் தனி வரியாகப் போட்டுக் கூலி கேட்பதில் தவறில்லை.